தலைமடையும் கடைமடையும்: வாக்குவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பக்கத்தில் பாசனத்தைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசும் இடங்களில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு தம்பி" என்பார் வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர். "எங்க மடைக்கு ஒரு சொட்டு வரலையேண்ணே" என்பார் அதன் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரர். சற்று நேரத்தில் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் இருவருமே தாம் கண்டதைத்தான் சொன்னார்கள். வைகை அணையிலிருந்து வரும் நீர் பேரணை என்ற இடத்தில் பெரியாறு பிரதான கால்வாய்க்குத் திரும்பி, கள்ளந்திரி வரையுள்ள இருபோக நிலங்களைக் கடந்து, அதன் பிறகே மேலூரின் ஒருபோக நிலங்களுக்கு வந்து, அங்கும் கிளை வாய்க்கால்களில் மடை மடையாக இறங்குகிறது. ஆகவே ஒரே நாளில் ஒருவர் கண்ட நீரை மற்றவர் காணாதிருப்பது இயல்பே.

தாம் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதே முழுக் காட்சி என்று கொள்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் முந்தைய தவறு. அமெரிக்காவில் 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரி அணிகள் மோதிய முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்றின் படத்தை இரு தரப்பு மாணவர்களுக்கும் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள் ஹேஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற உளவியல் ஆய்வாளர்கள். டார்ட்மத் அணியின் மீறல்களாக அதன் சொந்த மாணவர்கள் கண்டவற்றைப் போல இரு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள் என்று 1954இல் வெளியான அவர்களுடைய ஆய்வு தெரிவிக்கிறது. படம் ஒன்றுதான். யாரும் வேண்டுமென்று பொய் சொன்னதாகக் கொள்ளத் தேவையில்லை. பார்க்கும்போதே கண் தன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதைவிட அதிகமாக நம் வீடுகளைப் பிரிப்பது, ஒரே சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று எண்ணும் தவறு என்பது என் கருத்து. சொத்துப் பிரிக்க உட்காரும் குடும்பத்தில் "சமமாகப் பிரிப்போம்" என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், அரை மணி நேரத்தில் பேச்சு முறிகிறது. அண்ணனுக்குச் சமம் என்பது, தங்கைக்குப் போட்ட நகையையும் செய்த சீரையும் கணக்கில் சேர்த்த சமம். தங்கைக்கோ சீர் என்பது பிறந்த வீட்டின் பாசம், அதைப் பங்கில் கழிப்பது அவமானம். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்த தம்பிக்கு, அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காத எதுவும் சமமாகாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்கிணையான உரிமையைத் தந்தது. ஆனால் சமம் என்று சொல்லும்போது யார் எதை எண்ணுகிறார் என்பதைச் சட்டம் வந்து சொல்லாது, கேட்டுத்தான் அறிய வேண்டும். வாய்க்கால் பேச்சிலும் இதே கதைதான். "நியாயமான பங்கு" என்றால் ஒருவருக்கு ஏக்கர்க் கணக்கு, இன்னொருவருக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் நாள் கணக்கு, மற்றொருவருக்குத் தாத்தா காலத்து வழக்கம். அளவு எதுவென்று முதலில் கேட்காமல் பங்கைப் பற்றிச் சண்டையிடுவது வீண்.

அடுத்தது, நம் தவறுக்குச் சூழ்நிலையையும் பிறர் தவறுக்குக் குணத்தையும் காரணமாக்குவது. நான் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் கோரிப்பாளையம் சந்திப்பில் நெரிசல்; அவர் தாமதமாக வந்தால் பொறுப்பற்றவர். பிறர் செயலில் சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தைக் கூட்டியும் மதிப்பிடும் இந்தச் சாய்வைப் பற்றி லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் விரிவாக எழுதினார். "ஆளே அப்படித்தான்" என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், அவர் அதன்பின் சொல்லும் எந்தக் காரணமும் நம் காதில் சாக்காகவே விழும்.

நாம் சொன்னது விளங்கிவிட்டது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. எலிசபெத் நியூட்டன் 1990இல் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய ஆய்வில், சிலர் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் தட்ட, கேட்பவர்கள் பாதியையாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே. தட்டுபவரின் மனத்தில் முழு மெட்டும் ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் தட்டல்தான். கேட்பவருக்குப் புரியாதபோது நாம் செய்வது என்ன? அதே சொற்களை இன்னும் உரக்கச் சொல்கிறோம்.

இந்தத் தவறுகளைத் தவிர்க்க, பதில் சொல்லுமுன், "நீங்கள் சொல்வது இதுதானா?" என்று எதிரே பேசுபவருடைய வாதத்தை நம் வாயால் சொல்லிக் காட்ட வேண்டும், அவர் "ஆமாம், அதுதான்" என்று ஒப்பும்வரை நம் வாதத்தை எடுக்கக் கூடாது. செய்து பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்பது தெரியும், ஏனென்றால் பெரும்பாலும் முதல் முறையில் அவர் "இல்லை" என்றே சொல்வார்.

ஆனால் புரிந்துகொண்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு தவறே. நீர் குறைந்த ஆண்டில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒருவரை ஒருவர் முழுமையாகப் புரிந்துகொண்டாலும் வாய்க்காலில் நீர் கூடிவிடாது. அப்போது மிஞ்சுவது, கடைமடைக்கு முறை ஐந்து நாளா ஏழு நாளா என்ற கேள்வி. அதற்கு யார் பொய்யர் என்று தீர்மானிக்கத் தேவையில்லை. நாளை எண்ணி, மடையின் அளவைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து பேசலாம்.