கோப்பை வென்ற ஃபுட்டி அணி அடுத்த ஆண்டும் நிலைக்குமா? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தை அந்த ஊரில் எல்லோரும் ஃபுட்டி என்றுதான் சொல்வார்கள். செப்டம்பர் கடைசி சனிக்கிழமை மெல்பர்ன் எம்.சி.ஜி. மைதானத்தில் கிராண்ட் ஃபைனல் முடியும். ஜெயித்த அணி கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வருவதற்குள்ளேயே பேச்சு தொடங்கிவிடும்: இந்த அணி இன்னும் எத்தனை கோப்பை அடிக்கும்? இரண்டா, மூன்றா, இனி இவர்கள் காலம்தானா?

பெரும்பாலான பதில்கள் பொய்த்துப் போகின்றன. 2016 முதல் 2024 வரை கோப்பை வழங்கப்பட்டது ஒன்பது முறை. அவற்றில் நான்கு முறை, சாம்பியன் அணி அடுத்த ஆண்டு ஃபைனல்ஸ் எனும் இறுதிக்கட்டச் சுற்றுக்கே வரவில்லை: 2017இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ், 2021இல் ரிச்மண்ட், 2023இல் ஜீலாங், 2024இல் காலிங்வுட். மொத்தம் 18 அணிகள், 2025 வரை அதில் முதல் எட்டு இடத்துக்குள் இருந்தாலே ஃபைனல்ஸ் உண்டு. முந்தைய ஆண்டின் சாம்பியனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஒன்பதில் கோப்பையைத் தக்கவைத்தது இரண்டே முறை, 2020இல் ரிச்மண்டும் 2025இல் பிரிஸ்பேன் லயன்ஸும்.

இந்தக் கணிப்பு எல்லோருக்கும் பிசகுவதற்கு, திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கிராண்ட் ஃபைனல் ஸ்கோரை வைத்து எடை போடுவது

2008ஐ எடுத்துக்கொள்வோம். அந்த சீசனில் ஜீலாங் ஆடிய 22 லீக் ஆட்டங்களில் தோற்றது ஒன்றில்தான். முந்தைய ஆண்டு கிராண்ட் ஃபைனலில் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கிய அணி அது. அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை. எதிரே இருந்தது ஹாத்தோர்ன். முடிவில் ஹாத்தோர்ன் 115, ஜீலாங் 89.

அந்த ஸ்கோரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தில் நடுவில் இருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துச் சின்னக் கம்பத்துக்கு உள்ளே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஹாத்தோர்ன் 18 கோல், 7 பிஹைண்ட். ஜீலாங் 11 கோல், 23 பிஹைண்ட். ஜீலாங்தான் அதிகமாகத் தாக்கியது, ஆனால் கோல் விழவில்லை. அந்த 23இல் பல, ஹாத்தோர்ன் தடுப்பாட்டக்காரர்களே வேண்டுமென்று கோட்டைத் தாண்டித் தட்டிவிட்டவை. ஒரு புள்ளி போனால் போகட்டும், பந்து நம் கைக்கு வந்துவிடும் என்ற கணக்கு. அடுத்த ஆண்டே விதியை மாற்றிவிட்டார்கள். வேண்டுமென்று தட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் இனி ஹாத்தோர்ன் காலம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2009இல் ஹாத்தோர்ன் ஒன்பதாம் இடத்துக்குப் போனது. தோற்ற ஜீலாங் 2009இலும் 2011இலும் கோப்பை வாங்கியது. ஒரு மதிய ஆட்டத்தின் முடிவு, இரண்டு அணிகளில் எது நல்ல அணி என்பதைத் தலைகீழாகக் காட்டியிருந்தது.

பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாலும் இதே கதைதான். 2021இல் மெல்பர்ன் 74 புள்ளியில் ஜெயித்தது, 2022இல் ஜீலாங் 81 புள்ளியில், 2024இல் பிரிஸ்பேன் 60 புள்ளியில். அடுத்த ஆண்டு மெல்பர்ன் ஃபைனல்ஸில் இரண்டு ஆட்டமும் தோற்று வெளியேறியது, ஜீலாங் பன்னிரண்டாம் இடம், பிரிஸ்பேன் மறுபடி சாம்பியன். இந்த மூன்றிலிருந்து ஒரு பொது விதி எடுக்க முடிந்தால் எடுத்துப் பாருங்கள்.

நூலிழை வெற்றிகளைத் திறமைக் கணக்கில் சேர்ப்பது

2023 காலிங்வுட் பார்ப்பதற்கு அருமையான அணி. கிரெய்க் மெக்ரே பயிற்சியில், கடைசிக் கால்பகுதியில் யாரும் அவர்களை அசைக்க முடியாது என்ற பெயர் வாங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு ஃபைனல்ஸில் ஆடிய மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். வித்தியாசம் என்ன? மெல்பர்னை 7 புள்ளி, ஜி.டபிள்யூ.எஸ். அணியை 1 புள்ளி, கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேனை 4 புள்ளி. மூன்றையும் கூட்டினால் 12. அதாவது இரண்டு கோல்.

இதைச் சொன்னால் காலிங்வுட் ரசிகர்களுக்குக் கோபம் வரும். வெற்றி வெற்றிதான், அதை யாரும் பறிக்கவில்லை. நெருக்கடியில் நிதானமாக ஆடுவதும் ஒரு திறமைதான், அவர்கள் அதைப் பயிற்சியாகவே செய்தார்கள். ஆனால் ஒன்றிரண்டு உதையில் முடியும் ஆட்டங்கள் எல்லா ஆண்டும் ஒரே பக்கம் விழுவதில்லை. 2024இல் முதல் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். பிறகு எழுந்தும் 12 வெற்றி, 2 டிராவோடு ஒன்பதாம் இடத்தில் முடிந்தது. எட்டாம் இடத்துக்கு வந்த கார்ல்டனுக்கு 13 வெற்றி. அதே அணி, கிட்டத்தட்ட அதே ஆட்கள். முந்தைய ஆண்டு தப்பிய நூலிழைகளில் ஒன்றிரண்டு அறுந்தன, அவ்வளவுதான்.

ஒரு சாம்பியனின் அடுத்த ஆண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், அது எத்தனை ஆட்டத்தை இரண்டு கோலுக்குள் ஜெயித்தது என்று எண்ணிப் பாருங்கள். லேடர் எனும் தரவரிசைப் பட்டியலில் வெற்றிக்கு அடுத்து ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள்: அடித்த புள்ளிகளை விட்ட புள்ளிகளால் வகுத்தது. பலர் அதைப் பார்ப்பதேயில்லை. வெற்றி எண்ணிக்கை மேலே இருந்து அந்தச் சதவீதம் மட்டும் சுமாராக இருந்தால் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

“இளம் அணி, இனி பத்து வருடம் இவர்கள்தான்”

எனக்கு மனம் வலிக்கும் கதை மெல்பர்ன் டீமன்ஸுடையது. 1964க்குப் பிறகு 57 ஆண்டு காத்திருந்த கிளப். கொரோனா காரணமாகப் பெர்த்தில் நடந்த 2021 கிராண்ட் ஃபைனலில், மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்து, அதன்பின் கோல் மேல் கோல் அடித்து 74 புள்ளியில் முடித்தார்கள். மேக்ஸ் கான், கிளேட்டன் ஆலிவர், அன்று 39 முறை பந்தைக் கையாண்ட கிறிஸ்டியன் பெட்ராக்கா. அப்படி ஒரு நடுக்களம் வேறு எந்த அணியிடமும் இல்லை. நட்சத்திரங்களில் பலர் இருபதுகளின் நடுவில். 2022 தொடக்கத்தில் முதல் பத்து ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். ஒரு சாம்ராஜ்யம் உருவாகிறது என்று எல்லோரும் எழுதினார்கள்.

கோளாறு முன்களத்தில் இருந்தது. 2023 செப்டம்பரில் காலிங்வுட்டுக்கு எதிரான ஆட்டம் அதை அப்படியே காட்டியது. கோல் முன்னால் 50 மீட்டர் வளைவுக்கோடு ஒன்று உண்டு; அதற்குள் எத்தனை முறை பந்தைக் கொண்டுபோனார்கள் என்பது இந்த ஆட்டத்தில் முக்கியக் கணக்கு. அன்று மெல்பர்ன் 69 முறை, காலிங்வுட் 37 முறை. ஸ்கோர்? காலிங்வுட் 60, மெல்பர்ன் 53. அறுபத்தொன்பது முறை உள்ளே போய் ஏழே கோல். அடுத்த வாரம் கார்ல்டனிடம் 2 புள்ளியில் தோல்வி. அங்கே மெல்பர்ன் அடித்தது 9 கோல், 17 பிஹைண்ட். தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக ஃபைனல்ஸில் ஒரு வெற்றிகூட இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

2021இல் இந்த ஓட்டை தெரியாமல் போனதற்குக் காரணம், சரியான மாதத்தில் கோல் விழுந்ததுதான். கோப்பை வந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கிளப்பும் நம்பிவிடுகிறது, பார்ப்பவர்களும் நம்பிவிடுகிறோம். அப்புறம் உடல் வேறு இருக்கிறது. 2024 ஜூனில் ஒரு மோதலில் பெட்ராக்காவின் மண்ணீரல் கிழிந்து, அந்த சீசனே அவருக்கு முடிந்துபோனது. மெல்பர்ன் அந்த ஆண்டு பதினான்காம் இடம். 2025 சீசன் முடிவதற்குள் பயிற்சியாளர் சைமன் குட்வின் நீக்கப்பட்டார். வயது இருந்தது, திறமை இருந்தது. கைக்கு வந்தது ஒரே கோப்பை.

“பசி போய்விட்டது” என்று சொல்லி முடித்துவிடுவது

சாம்பியன் தடுமாறினால் ஊடகங்கள் உடனே பிரீமியர்ஷிப் ஹேங்ஓவர் என்று எழுதும். ஆட்டக்காரர்களுக்கு அக்கறை போய்விட்டது என்று பொருள். இதைப் போல அநியாயமான விளக்கம் கிடையாது. ஃபைனல்ஸுக்கு வராத அணி ஆகஸ்ட் கடைசியில் ஓய்வெடுக்கப் போகிறது. சாம்பியன் இன்னும் ஒரு மாதம், வருடத்தின் மிகக் கடுமையான ஆட்டங்களை ஆடுகிறது. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகும், அடுத்த சீசனுக்கான பயிற்சி பிந்தும். 2008இல் ஜெயித்த ஹாத்தோர்னின் ட்ரென்ட் க்ரோட் அந்தக் கிராண்ட் ஃபைனலிலேயே பாதம் உடைந்து வெளியேறியவர். அதன்பின் அவர் ஏ.எஃப்.எல்., அதாவது இந்த லீக்கின் ஆட்டம் எதுவும் ஆடவே இல்லை. இதையெல்லாம் பார்க்காமல் மனசைக் குறை சொல்வது சோம்பேறித்தனம்.

போட்டியின் அமைப்பையே மறந்துவிடுவது

ஐரோப்பியக் கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் விழும் குழி இது. அங்கே ஜெயித்தால் பணம், பணத்தால் ஆட்கள், ஆட்களால் மறுபடி வெற்றி. ஏ.எஃப்.எல்.லில் வென்றவரைக் கீழே இழுப்பதற்கென்றே விதிகள் இருக்கின்றன. புதிய இளைஞர்களை எடுக்கும் டிராஃப்ட்டில் கடைசி இடத்து அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குச் சுற்றின் கடைசி. ஒரு கிளப் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. லீக்கில் இரண்டு முறை மோத வேண்டிய அணிகளைப் பிரிக்கும்போதும், மேலே முடித்தவர்களுக்குக் கடினமான எதிராளிகள்.

சம்பள வரம்பு எப்படிக் கடிக்கும் என்பதற்கு எசெண்டனைவிட நல்ல உதாரணம் இல்லை. 2000இல் ஃபைனல்ஸையும் சேர்த்து ஆடிய 25 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று தோற்ற அணி. வென்ற அணியில் எல்லோருக்கும் விலை ஏறும், பெட்டியோ அதே அளவுதான். 2002 முடிவில் பிளேக் கரசெல்லா உள்ளிட்ட சிலரை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. கரசெல்லா போன இடம் பிரிஸ்பேன். 2003இல் அங்கே கோப்பை வாங்கினார்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறை 2018 சாம்பியன் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் செய்தது. 2019 முடிவில், இன்னொரு கோப்பைக்கு வாய்ப்பிருக்கிறது என்று நம்பி, ஜீலாங்கின் டிம் கெல்லியை வாங்க இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் உட்படப் பல டிராஃப்ட் வாய்ப்புகளைக் கொடுத்தார்கள். அன்று அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லியிருக்க முடியாது. கெல்லி நல்ல ஆட்டக்காரர், அணியும் பலமாகத்தான் இருந்தது. ஆனால் மூத்தவர்கள் ஒன்றாக வயதாகி ஓய்வு பெறத் தொடங்கியபோது அடியில் ஆளில்லை. 2022இல் 2 வெற்றி, 2023இல் 3 வெற்றி. அந்த ஆண்டு சிட்னியிடம் 171 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. கோப்பைக்கும் அந்த நாளுக்கும் இடையே ஐந்து வருடம்கூட ஆகவில்லை.

ஒரு மோசமான ஆண்டோடு கதை முடிந்தது என்பது

ஜீலாங் 2022இல் களமிறக்கிய கிராண்ட் ஃபைனல் அணிதான் இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே சராசரி வயது அதிகமானது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் இடம் வந்ததும் எல்லோரும் இரங்கல் எழுதிவிட்டார்கள். 2024இல் அரையிறுதிக்குச் சமமான பிரிலிமினரி ஃபைனல், 2025இல் கிராண்ட் ஃபைனல். 2007 முதல் 2025 வரை இந்த கிளப் ஃபைனல்ஸைத் தவறவிட்டது இரண்டே முறை. கோப்பை வாங்கிய அடுத்த மாதமே, கோல்ட் கோஸ்ட் அணி சம்பளச் சுமையைக் குறைக்க அலைந்தபோது, அதன் ஆட்டக்காரர் ஜாக் போஸை ஏற்றுக்கொண்டு கூடவே ஏழாம் டிராஃப்ட் தேர்வையும் வாங்கிக்கொண்டது ஜீலாங். கொண்டாட்டத்துக்கு நடுவே அப்படிக் கணக்குப் போடும் கிளப்பை ஒரு சீசன் லேடரை வைத்து முடிவு கட்டக் கூடாது. 2009இல் ஒன்பதாம் இடம் போன ஹாத்தோர்னும் 2013, 2014, 2015 என்று மூன்று கோப்பை தொடர்ந்து அடித்தது.

சீசன் தொடக்கத்தைப் பார்த்து முடிவு கட்டுவது அதைவிட மோசம். 2024 மார்ச் கடைசியில் பிரிஸ்பேனின் கப்பா மைதானத்தில் லயன்ஸை வீழ்த்திய அணி காலிங்வுட். லயன்ஸுக்கு அது மூன்றாவது தொடர் தோல்வி. அன்று தோற்றவர்கள் செப்டம்பரில் கோப்பை வாங்கினார்கள். அன்று ஜெயித்தவர்கள் ஃபைனல்ஸிலேயே இல்லை.

பிரிஸ்பேன் விஷயத்தில் எதைப் பார்ப்பது

2024, 2025 இரண்டும் வென்ற லயன்ஸ் மூன்றாவதையும் எடுக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி. 2000க்குப் பிறகு தொடர்ந்து மூன்று வென்றவை, 2001 முதல் 2003 வரையிலான இதே பிரிஸ்பேனும் அந்த ஹாத்தோர்னும் மட்டுமே. கிறிஸ் ஃபேகன் 2017இல் பொறுப்பேற்றபோது அணி கடைசி இடத்தில் முடிந்தது; 2019 முதல் ஒரு ஃபைனல்ஸும் தவறவில்லை. ஹாத்தோர்ன் மூன்று கோப்பை அடித்த காலத்தில் அங்கே பணியாற்றியவர் அவர்.

மற்ற சாம்பியன்களுக்கு வாய்க்காத ஒன்று இவர்களுக்கு வாய்த்தது. ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியவரின் மகனை அந்த கிளப் முன்னுரிமையோடு எடுக்கலாம் என்ற அப்பா–மகன் விதி இருக்கிறது. 2001–03 கோப்பைகளில் ஆடிய மார்கஸ் ஆஷ்கிராஃப்டின் மகன் வில், 2024, 2025 இரண்டு கிராண்ட் ஃபைனலிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். தம்பி லெவியும் இப்போது அதே அணியில். மேலே ஏறிய அணியைக் கீழே இழுக்க வேண்டிய டிராஃப்ட், இவர்களுக்கு அடியிலிருந்து தாங்குகட்டை கொடுத்தது. இப்படிப்பட்ட இளைஞர்களை எடுக்கும்போது, கொடுக்க வேண்டிய டிராஃப்ட் புள்ளிகளில் கிடைத்த 20 சதவீதச் சலுகையை லீக் 2025 டிராஃப்ட்டிலிருந்து 10 சதவீதமாகக் குறைத்துவிட்டது.

முப்பதைத் தாண்டிய லாக்கி நீல் 2025 கிராண்ட் ஃபைனலுக்குக் கெண்டைக்கால் காயத்தோடு வந்து, மாற்று ஆட்டக்காரராகத்தான் களமிறங்க முடிந்தது. அன்று டெய்ன் ஸார்க்கோவுக்கு வயது 36. இவர்கள் இருவரின் இடத்தையும் யார் எடுக்கிறார்கள் என்பதை ஏப்ரல், மே ஆட்டங்களில் கவனியுங்கள். லேடரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிரிஸ்பேன் இன்னும் சில ஆண்டு முதல் நான்கு இடங்களை விட்டு அதிகம் நகராது என்று என்னால் துணிந்து சொல்ல முடியும். மூன்றாவது கோப்பைக்கு மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.