நம்ம டீம் யாரை எடுத்தாலும் கத்துறதுக்கு முன்னாடி: தோக்குற டீமோட ஃபேன்ஸுக்கு ஒரு டிராஃப்ட் கைடு

நான் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏல ஆடற சார்லட் ஹார்னெட்ஸோட ஃபேன். 2016ல பிளேஆஃப் ஆடினதுக்கு அப்புறம் 2025 வரைக்கும் ஒரு தடவைகூட உள்ள போகாத டீம், அதனால வருஷத்துல எங்களுக்கு நம்பிக்கை வர்ற நாள்னா அது புது இளம் ஆட்டக்காரங்களை டீம்கள் வரிசையா எடுத்துக்கற, ஜூன் மாசம் நடக்குற என்பிஏ டிராஃப்ட்தான். அன்னைக்கு ராத்திரி ஃபேன்ஸ் போடுற சண்டை, திட்டு, அழுகை, குதியாட்டம் எல்லாம் நல்லா பழகிப்போச்சு. கோவப்படாதீங்கன்னு சொல்ல வரல, டீம் மேல பாசம் இருக்கறவங்களுக்குத்தான் கோவம் வரும், வரட்டும். ஆனா எதுக்கு கோவப்படணும் எதுக்கு படக்கூடாதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும், ஏன்னா மோசமா ஆடுற டீம்ல மூணு விஷயம் ஒண்ணா குழம்பிக் கிடக்கும். எந்த டீம் எத்தனாவதா எடுக்கும்னு முடிவு பண்ற லாட்டரில பந்து எப்படி விழுந்துச்சுங்கறது ஒண்ணு, கைக்கு வந்த பிக்கை, அதாவது ஆள் எடுக்கற அந்த வாய்ப்பை வச்சு யாரை எடுத்தாங்கங்கறது இன்னொண்ணு, எடுத்த பையனை அப்புறம் எப்படி வளத்தாங்கங்கறது வேற. மூணையும் சேத்து ஒரே திட்டுல முடிச்சுடறோம், அதனாலதான் பத்து வருஷம் கழிச்சும் தப்பு எங்க நடந்துச்சுன்னு நமக்கே தெளிவா சொல்லத் தெரியல.

லாட்டரி பத்தி ரொம்ப பேச வேண்டாம், சீக்கிரம் முடிச்சுடலாம். 1ல இருந்து 14 வரைக்கும் நம்பர் போட்ட பந்து, அதுல நாலு பந்து வெளிய வரும், மொத்தம் 1001 விதமா வரலாம், ஒண்ணை ஒதுக்கிட்டு மிச்சம் 1000த்தை பிளேஆஃப் போகாத 14 டீமுக்கும் பிரிச்சுக் குடுப்பாங்க. 2019ல வந்த முறைப்படி கடைசி மூணு டீமுக்கும் ஆளுக்கு 140, அதாவது முதல் பிக் கிடைக்க 14 சதவீதம்தான் சான்ஸ். கடைசி இடத்துல முடிச்ச டீம் அஞ்சாவது பிக்குக்குக் கீழ போகாது, ஆனா அந்த அஞ்சாவதுக்கே போறதுக்கு 47.9 சதவீதம் சான்ஸ், கிட்டத்தட்ட பாதி. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023லயும் 2024லயும் லீக்லயே கடைசியா முடிச்சு ரெண்டு தடவையும் அஞ்சாவதுக்குத்தான் விழுந்தாங்க. 2025ல யூட்டா ஜாஸுக்கும் அதேதான், அதே லாட்டரில 1.8 சதவீதம் சான்ஸ் வச்சிருந்த டல்லாஸ் முதல் பிக்கைத் தூக்கிட்டுப் போய் கூப்பர் ஃப்ளாக்கை எடுத்துக்கிச்சு. எங்க டீம் பாப்கேட்ஸ்ங்கற பேர்ல இருந்தப்போ 2011-12 சீசன்ல 66 மேட்ச்ல 7 ஜெயிச்சுது, என்பிஏ வரலாத்துலயே அவ்வளவு மோசமான வெற்றி சதவீதம் யாருக்கும் கிடையாது, அப்பவும் அந்த வருஷம் முதல் பிக்கா போன ஆண்டனி டேவிஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போயிட்டார். இதுக்கு டீமுக்கு ஆள் எடுக்கற எந்த ஜெனரல் மேனேஜரையும் திட்டி பிரயோஜனம் இல்ல. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான், லாட்டரிக்கு முன்னாடியே உங்க டீம் எவ்வளவு கீழ போக முடியும்னு பாத்து அந்த இடத்துல எடுக்கக்கூடிய பசங்களை முதல்ல படிச்சு வச்சுக்கோங்க. கடைசில முடிச்ச டீம்னா அஞ்சாவது பிக்குல யார் யார் இருப்பாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கணும், அப்போ லாட்டரி அன்னைக்கு விழுந்தாலும் ஒரேயடியா இடிஞ்சு போக மாட்டீங்க.

அடுத்தது லிஸ்ட். டிராஃப்டுக்கு முன்னாடியே உங்க சொந்த லிஸ்டை எழுதி தேதி போட்டு வைங்க. இதை யாரும் பண்றதில்ல, ஆனா இது இல்லாம நீங்க பேசற எந்த விமர்சனத்துக்கும் மதிப்பு இல்லன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா ரெண்டு வருஷம் கழிச்சு எல்லாருமே "நான் அப்பவே சொன்னேன்"னு சொல்லுவாங்க. எழுதும்போது ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா போடறதைவிட குரூப் குரூப்பா பிரிங்க. கண்டிப்பா ஸ்டார் ஆவான்னு நம்பறவங்க ஒரு குரூப், நல்ல ஸ்டார்ட்டர் ஆகலாம்னு தோணுறவங்க அடுத்த குரூப், இப்படி. உங்க டீம் எடுத்த பையனும் நீங்க ஆசைப்பட்ட பையனும் ஒரே குரூப்ல இருந்தா அது கத்துற அளவுக்கு விஷயமே இல்ல. மேல் குரூப்ல ஒருத்தன் மிச்சம் இருக்கும்போது ரெண்டு குரூப் கீழ போய் எடுத்தாங்கன்னா அப்போ கேள்வி கேக்கலாம்.

இந்த லிஸ்டை போட ஹைலைட்ஸ் மட்டும் பாத்தா பத்தாது, ஹைலைட்ஸ்ல எல்லாரும் ஸ்டார்தான். முழு மேட்சா பாருங்க, அதுவும் அவன் டீம் தோத்த மேட்ச்சை பாருங்க. பந்து அவன் கையில இல்லாதப்போ என்ன பண்றான், டிஃபென்ஸ்ல கால் நகருதா இல்ல கையை நீட்டி ஃபவுல் வாங்கறானா, ரெண்டு பேர் வந்து அமுக்கும்போது பாஸ் எந்த நேரத்துல வெளிய போகுது, இதெல்லாம் ஒரு மேட்ச்ல பத்து தடவையாவது தெரியும். ஷூட்டிங்கைப் பொறுத்தவரைக்கும் தூரத்துல இருந்து போடற காலேஜ் த்ரீ பாயிண்ட் சதவீதத்தை மட்டும் நம்பாதீங்க. ஒரு சீசன்ல ஒரு பையன் 150 த்ரீ போடறான்னு வைங்க, 34 சதவீதத்துக்கும் 38 சதவீதத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் வெறும் ஆறு பந்து, ரிங்ல பட்டு உள்ள விழுந்த ஆறு பந்து. அவ்வளவு சின்ன விஷயத்தை வச்சு ஒருத்தனை ஷூட்டர்னும் இன்னொருத்தனை ஷூட்டர் இல்லைன்னும் முடிவு பண்ண முடியாது. அதனாலதான் டீமுக்காக பசங்களைத் தேடிப் பாத்து எடை போடற ஸ்கவுட்ஸ் ஃப்ரீ த்ரோவையும் பாக்கறாங்க, யாரும் தடுக்காம ஒரே இடத்துல இருந்து போடற பந்துங்கறதால கை எவ்வளவு சுத்தம்னு அதுல தெரியும். 2025ல நாங்க நாலாவதா எடுத்த கான் நூப்பல் டியூக்ல ஃப்ரீ த்ரோ 91 சதவீதம், அதைப் பாத்தப்பவே எனக்கு மனசு கொஞ்சம் அடங்கிடுச்சு. வயசையும் பாருங்க, 19 வயசுல 15 பாயிண்ட் அடிக்கறதும் 22 வயசுல 15 பாயிண்ட் அடிக்கறதும் ஒண்ணு இல்ல.

"நம்மகிட்ட சென்டர் இல்ல, சென்டரைத்தான் எடுக்கணும்"ங்கற பேச்சு வருஷா வருஷம் வரும் (சென்டர்னா ரிங் பக்கத்துல ஆடற உயரமான ஆள்). தோக்குற டீம் பொசிஷன் பாத்து எடுக்கக்கூடாதுங்கறது என் உறுதியான கருத்து. போர்ட்லாண்ட்கிட்ட மைக்கேல் ஜோர்டன் ஆடற அதே பொசிஷன்ல ஏற்கனவே கிளைட் ட்ரெக்ஸ்லர் இருந்தார், அதனால 1984ல ரெண்டாவது பிக்குல சென்டர் சாம் போவியை எடுத்தாங்க, மூணாவதா ஜோர்டன் சிகாகோவுக்குப் போனார். 2018ல சேக்ரமெண்டோகிட்ட பந்தை வச்சு ஆட்டத்தை நடத்த டி'ஆரன் ஃபாக்ஸ் இருந்தார், பெரிய ஆள் வேணும்னு மார்வின் பேக்லியை எடுத்தாங்க, அடுத்த பிக்ல போனது பின்னாடி பெரிய ஸ்டாரான லூக்கா டான்சிச். இருபதுக்கு மேல மேட்ச் ஜெயிக்கவே திணர்ற டீமுக்கு எல்லா பொசிஷனும் காலிதான், நல்லா ஆடறவன் யாரோ அவனை எடுக்கணும்.

இப்போ டிராஃப்ட் ராத்திரி. முதல் ரவுண்டுல ஒவ்வொரு டீமுக்கும் அஞ்சு நிமிஷம். பேர் சொன்ன உடனே டைப் பண்ண ஆரம்பிக்காதீங்க, முக்கியமா உங்க டீம் தொப்பியை போட்டுக்கிட்டு மேடை ஏறறவன் உங்க டீமுக்குத்தான் ஆடுவான்னு நம்பிடாதீங்க. ரெண்டு டீம் ஆளை மாத்திக்கற ட்ரேட் பேசி முடிச்சிருந்தாலும் அது அதிகாரபூர்வமாகற வரைக்கும் எடுத்த டீம் தொப்பிதான் தலையில இருக்கும். இதுல எங்க டீம் வரலாறு ரொம்ப பெருசு. 1996ல 13வது பிக்குல கோபி பிரையன்ட்டை எடுத்தது சார்லட், ஆனா விலாடே டிவாட்ஸுக்காக லேக்கர்ஸ்கிட்ட முன்னாடியே பேசி வச்சு அவங்க சொன்ன ஆளை எடுத்துக் குடுத்தாங்க, அதனால "கோபியை வச்சிருந்து விட்டுட்டாங்க"ன்னு சொல்றது முழுசா சரி இல்ல. 2022ல 13வதா ஜேலன் டுரன், அதே ராத்திரி கை மாறி டெட்ராய்ட் போயிட்டார்.

ஆனா 2018 வேற, அதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஒரு முடிவை எப்படி எடை போடணும்னு அதுல கத்துக்கலாம். 11வது பிக்குல ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரை எடுத்தோம், உடனே கிளிப்பர்ஸுக்கு அனுப்பிட்டு 12வதா போன மைல்ஸ் பிரிட்ஜஸையும் ரெண்டு செகண்ட் ரவுண்டு பிக்கையும் வாங்கிக்கிட்டோம். அன்னைக்கு ஒரு இடம் மட்டும் கீழ இறங்கி கூடுதலா ரெண்டு பிக் வாங்கினது கெட்டிக்காரத்தனமாத்தான் தெரிஞ்சுது, முதல் சீசன்ல ஷே 10.8 பாயிண்ட்தான் அடிச்சார், யாரும் பெருசா பேசல. 2025ல அவர் எம்விபி, அதாவது லீக்கோட சிறந்த ஆட்டக்காரர், ஓக்லஹோமா சிட்டியோட சாம்பியன், ஃபைனல்ஸ் எம்விபி. இப்போ திட்டறது சுலபம், அவருக்கு முன்னாடி பத்து பேரை மத்த டீம்கள் எடுத்தாங்கங்கறதையும் சேத்துப் பாக்கணும். என் கணக்குல அன்னைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: கையில வந்த பையனை ரெண்டு செகண்ட் ரவுண்டு பிக்குக்காக மாத்தலாம்னு தோணுச்சுன்னா ரெண்டு பேரையும் ஸ்கவுட்ஸ் ஒரே மாதிரிதான் பாத்தாங்களா, இல்ல யாரையுமே முழுசா நம்பலையா? ட்ரேட் நடந்தா அவன் ஸ்டார் ஆவானா ஆகமாட்டானான்னு தலையை உடைச்சுக்காதீங்க, கைக்கு என்ன வந்துச்சு, உங்க குரூப் லிஸ்ட்ல எவ்வளவு தூரம் இறங்கினாங்க, அந்த இறக்கத்துக்கு அந்த விலை போதுமா, இதை அன்னைக்கே எழுதிடுங்க.

பின்னாடி திரும்பிப் பாத்து திட்டறதுக்கும் ஒரு எல்லை வேணும். நான் வச்சிருக்கற எல்லை அடுத்த அஞ்சு பிக். 2017ல 11வதா மாலிக் மங்க், 13ல டானவன் மிட்செல், 14ல பேம் அடேபாயோ, ரெண்டு பேருமே பின்னாடி ஸ்டார் ஆனாங்க, இது எங்களுக்கு வலிக்க வேண்டிய வலிதான். 2015ல ஒன்பதாவதா ஃபிராங்க் காமின்ஸ்கி, 13ல டெவின் புக்கர், அந்த ஒன்பதாவது பிக்குக்காக பாஸ்டன் நாலு முதல் ரவுண்டு பிக் வரைக்கும் தர ரெடியா இருந்ததா செய்தியும் வந்துச்சு, அப்படி ஒரு ஆஃபரை வேண்டாம்னு சொன்னதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் காமின்ஸ்கியை எடுத்ததைவிட பெரிய தப்பு. ஆனா 2014ல 41வதா போய் பின்னாடி எம்விபி ஆன நிக்கோலா யோக்கிச்சை ஏன் எடுக்கலைன்னு யாரையும் கேக்க முடியாது, அவரை எடுத்த டென்வரே முதல் ரவுண்டுல இருந்து வேற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்த அப்புறம்தான் அவர்கிட்ட வந்துச்சு.

இன்னொண்ணு, பையனை பாத்து ஊளையிட்டு "பூ" பண்ணாதீங்க. 2015ல நியூயார்க் நிக்ஸ் நாலாவதா கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை எடுத்தப்போ அரங்கத்துல இருந்த நிக்ஸ் ஃபேன்ஸ் மொத்தமா பூ பண்ணாங்க, அவருக்கு அப்போ 19 வயசு. அடுத்த சீசன் சிறந்த புது ஆட்டக்காரருக்கான ரூக்கி ஆஃப் த இயர் ஓட்டுல ரெண்டாவது வந்தார். கோவம் இருந்தா எடுத்த டீம் நிர்வாகத்து மேல காட்டுங்க, அவன் தன் பேரை தானே கூப்பிட்டுக்கல. 2023ல ரெண்டாவது பிக்குல ஸ்கூட் ஹெண்டர்சன் வேணும்னு எங்க ஃபேன்ஸ் நிறைய பேர் நின்னாங்க, பிராண்டன் மில்லர் வந்தார், முதல் வருஷமே சிறந்த புது பசங்களோட பட்டியலான ஆல் ரூக்கி ஃபர்ஸ்ட் டீம்ல இடம் பிடிச்சார்.

மறுநாள் மீடியால ஒவ்வொரு டீமோட டிராஃப்டுக்கும் போடற கிரேடு எல்லாம் படிங்க, ஆனா ஏ, பி, சின்னு போட்டிருக்கற எழுத்தை விட்டுட்டு கீழ எழுதியிருக்கற காரணத்தை மட்டும் படிங்க.

ஜூலைல புது பசங்க ஆடற லாஸ் வேகஸ் சம்மர் லீக். இதுல பாயிண்ட் கணக்கு பாக்காதீங்க, நாலஞ்சு மேட்ச்ல ஷூட்டிங் எப்படி வேணா போகும். வேகம் அவனுக்குப் பிரச்சனையா இருக்கா, டிஃபென்ஸ்ல எங்க நிக்கணும்னு தெரியுதா, முதல் குவார்ட்டர்ல பண்ண தப்பை மூணாவது குவார்ட்டர்ல திருத்திக்கறானா, இதைப் பாருங்க. 2025ல எங்க டீம் சம்மர் லீக் கப்பையே ஜெயிச்சுது, ஃபைனல்ல எம்விபி நூப்பல்தான், ரொம்ப சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்படறதுல கஞ்சத்தனம் காட்டாதீங்க, எங்களை மாதிரி டீமுக்கு கிடைக்கறதே கொஞ்சம்தான். அதை வச்சு சீசனோட வெற்றி கணக்கை மட்டும் போட வேண்டாம்.

மூணாவது விஷயமான வளர்ப்புல டெட்ராய்டைப் பாருங்க. 2023-24ல 14 ஜெயிச்சு 68 தோத்தாங்க, ஒரே சீசன்ல தொடர்ந்து 28 தோல்வி வேற. அடுத்த சீசன் 44 ஜெயிச்சு பிளேஆஃப் போனாங்க. கேட் கன்னிங்ஹம், டுரன், ஆசார் தாம்ப்சன்னு முக்கியமான இளம் பசங்க அதே ஆளுங்கதான், மாறினது கோச், கூட ஷூட் பண்ணத் தெரிஞ்ச சீனியர்கள் சில பேர் வந்தாங்க. அதனால உங்க டீம் எடுத்த பையன் ரெண்டு வருஷமா சொதப்பறான்னா பிக் தப்புன்னு உடனே முடிவு பண்ணாம, அவனுக்கு பந்து யார் குடுக்கறா, எத்தனை கோச் மாறியிருக்காங்க, அவன் பக்கத்துல ஆட்டம் தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருக்காங்களான்னு பாருங்க.

கிளப் உள்ளுக்குள்ள என்ன நினைக்குதுன்னு தெரிய காலண்டர்ல ஒரு தேதியைக் குறிச்சு வைங்க, அக்டோபர் 31. முதல் ரவுண்டு பையனோட காண்ட்ராக்ட்ல முதல் ரெண்டு வருஷம் உறுதி, மூணாவதும் நாலாவதும் டீம் விருப்பம், அந்த விருப்பத்தை ஒரு வருஷம் முன்னாடியே அந்த தேதிக்குள்ள சொல்லியாகணும். முதல் சீசன் முடிஞ்சு அடுத்த சீசன் ஆரம்பிச்ச உடனே மூணாவது வருஷத்தை எடுத்துக்கிட்டா சாதாரணம், வேண்டாம்னு சொன்னா அவங்களே பிக் தப்புன்னு ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். 2021ல நாங்க 11வதா எடுத்த ஜேம்ஸ் பௌக்நைட்டை 2024 பிப்ரவரில விட்டுட்டாங்க, மூணு சீசன்கூட முழுசா முடியல. அந்த மாதிரி ஒரு பிக் போனா டீம்கிட்ட கேக்க வேண்டியது, அவனைப் பாத்து ஓகே சொன்ன அதே ஸ்கவுட்டிங் ஆளுங்கதான் அடுத்த ஜூன்லயும் உக்காரப் போறாங்களா, இல்ல ஏதாவது மாத்தியிருக்காங்களாங்கறதுதான்.