ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை: கல்லூரி நாட்களிலேயே செய்துவிடும் தவறுகள்

ஜப்பானுக்குப் போய் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்று சொல்லும் கல்லூரி மாணவர்களின் கையில் பெரும்பாலும் ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம் இருக்கும். இல்லையென்றால் ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சிக்குப் பணம் கட்டியிருப்பார்கள். ஆங்கிலம் வேண்டியதுதான். ஆனால் இந்த வேலை கைநழுவிப் போவதற்கான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: பள்ளியில் வாங்காமல் விட்ட ஒரு சான்றிதழ், பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து, தவறிப்போன ஒரு மாதம், சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒருநாள்கூட நின்றிராத கூச்சம்.

எந்த வேலைக்குப் போகிறோம் என்று தெரியாமலே தயாராவதுதான் முதல் கோளாறு. 'ஜப்பானில் ஆங்கில ஆசிரியர்' என்பது ஒரே வேலை அல்ல. அரசுப் பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியருக்கு உதவியாக வகுப்பில் நிற்பவர் ஏ.எல்.டி., அதாவது துணை மொழி ஆசிரியர். 1987இல் ஜப்பானிய அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தின் வழியாக இந்த வேலைக்குப் போகலாம். உள்ளூர்க் கல்வி வாரியங்கள் நேரடியாக எடுப்பதும் உண்டு. தனியார் நிறுவனங்கள் ஆள் எடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்புவதும் உண்டு. 'எய்கைவா' எனப்படும் தனியார் உரையாடல் பள்ளிகள் வேறு உலகம். அங்கே மாணவர் ஒரு வாடிக்கையாளர். அலுவலகம் முடிந்து வருபவர்களுக்காக வகுப்புகள் இரவு ஒன்பது மணி வரைகூட நடக்கும். ஜெட் திட்டத்தில் இந்தியர்களுக்குக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. எந்தப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டு இந்தியாவிலுள்ள ஜப்பான் தூதரகத்தின் அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும். அதை மட்டுமே நம்பி மூன்று ஆண்டுகளை ஓட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

இனி, பலரும் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு தலையில் கை வைக்கும் விஷயம். ஜப்பானியப் பள்ளிகளில் வேலை செய்யத் தேவையான வசிப்புத் தகுதிக்கு, அதாவது விசா வகைக்கு, 'கல்வி' என்று பெயர். அந்தத் தகுதியில் ஒரு மொழியைக் கற்பிக்க வருபவர், அதே மொழி வழியாகக் குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்கிறது ஜப்பானியக் குடிவரவு விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்தவருக்குப் பிளஸ் டூவோடு கணக்கு முடிந்துவிடும். ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறியவருக்குப் பள்ளியில் 7 ஆண்டுகள், இளநிலைப் பட்டத்தில் 3. பத்தோடு நின்றுவிடும். பொறியியல் படித்திருந்தால் பதினொன்று. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவருக்கு இந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. அவர்கள் எய்கைவா பள்ளிகளைப் பார்ப்பது நல்லது. அங்கே பொருந்தும் வசிப்புத் தகுதி வேறு, அதற்கு அடிப்படையாகக் கேட்பது பட்டப் படிப்பு.

விளம்பரங்களில் 'ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்' என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அதைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். சட்டம் கேட்பது தாய்மொழியை அல்ல, படித்த ஆண்டுகளை. ஆகவே படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பயிற்று மொழிச் சான்றிதழைக் கல்லூரியில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். தலைமையாசிரியர் மாறலாம், பள்ளியே மூடப்படலாம். பள்ளியை விட்டுப் பத்தாண்டுகள் கழித்துப் போய் நின்றால், வாயிற்காவலரைத் தாண்டுவதே பெரும்பாடு.

அடுத்தது பெயர். இது நம்மவர்களுக்கென்றே வந்த தலைவலி. மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் செ.' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் 'செல்வம்', சொந்தப் பெயர் இடத்தில் 'கார்த்திக்'. பட்டச் சான்றிதழில் முன்னெழுத்து முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், ஜப்பானியக் குடிவரவு அலுவலகத்து ஊழியருக்கு எப்படித் தெரியும்? அங்கே வசிப்பு அட்டை, வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாம் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையே பிடித்துக்கொண்டு போகும். பட்டம் அச்சாவதற்கு முன்பே பல்கலைக்கழகப் பதிவில் பெயரைச் சரிசெய்துகொள்வது சுலபம். அச்சான பிறகு அலைச்சல்தான். (குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயரைப் போட்டிருந்தால், அங்கே பிள்ளைகள் உங்களைச் 'செல்வம் சென்செய்', அதாவது செல்வம் வாத்தியார், என்றுதான் கூப்பிடக்கூடும். அப்பாவுக்கு ஜப்பானில் ஒரு வாத்தியார் வேலை கிடைத்த மாதிரி.)

நாட்காட்டியிலும் சறுக்குகிறார்கள். நம் கல்லூரி முடிவது மே மாதத்தில். ஜப்பானியப் பள்ளி ஆண்டு தொடங்குவது ஏப்ரலில். ஜெட் திட்டத்தில் பெரும்பாலோர் கிளம்புவது ஜூலை, ஆகஸ்டில். ஆனால் அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும், நேர்காணல் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நடக்கும். 'முதலில் பட்டம் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று இருப்பவர் ஓராண்டுக்கு மேல் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். இறுதி ஆண்டு தொடங்கும்போதே பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பருவத்தில் அரியர் வைத்தால் எல்லாம் கவிழும். புறப்படும்போது பட்டம் கையில் இல்லையென்றால் தேர்வானதும் வீண்.

சான்றிதழ்களைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அதைச் செய்பவர்கள் நன்றாக ஆங்கிலம் பேசுபவர்கள்தான்.

ஒரு ஜப்பானியத் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 2020இலிருந்து ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம், ஆண்டுக்கு 70 பாடவேளைகள். ஒரு பாடவேளை 45 நிமிடம். பிடித்த நிறம் எது என்று கேட்கிறீர்கள். முன்வரிசைச் சிறுமி தோழியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையைப் பார்த்தபடி 'புரூ' என்கிறாள். புளூவைத்தான் சொல்கிறாள். மில்க் அங்கே 'மிருக்கு', ஸ்கூல் 'சுக்கூரு'. ஸ்கூலில் அந்த 'உ' நுழைவதற்கு, நம் பாட்டிகள் 'இஸ்கூல்' என்று சொன்ன அதே காரணம்தான்: இரண்டு மெய் சேர்ந்து சொல்லைத் தொடங்குவது இரு மொழிகளுக்கும் ஒட்டாது. இந்த இடத்தில் நீங்கள் அவள் உச்சரிப்பைத் திருத்திவிட்டு, அடுத்த விளையாட்டின் விதிகளை மூன்று கிளைவாக்கியங்கள் கொண்ட அழகான ஆங்கிலத்தில் விளக்கினால் வகுப்பு அப்படியே உறைந்துவிடும். வகுப்பாசிரியர் சிரித்தபடி முன்னால் வந்து எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியில் சொல்லிவிடுவார். மூன்றாவது வாரத்திலிருந்து உங்கள் வேலை, அவர் கைகாட்டும்போது சொற்களை வாசிப்பது மட்டும். 'மனித டேப் ரெக்கார்டர்' என்று ஏ.எல்.டி.கள் தங்களையே கேலி செய்துகொள்வது இதைத்தான்.

அமெரிக்க உச்சரிப்பை ஒட்டவைத்துக்கொள்ளச் செலவழிக்கும் மாலைகளை, உங்கள் தெருவில் தமிழ் வழியில் படிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு செலவழியுங்கள். ஒரு நிபந்தனை: தமிழில் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. படம், சைகை, பந்து, குதித்துக் காட்டுவது, எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 'என்னால் நீந்த முடியும், பறக்க முடியாது' என்ற இரண்டு ஆங்கில வாக்கியங்களை இருபது நிமிடத்தில் அவர்கள் வாயில் வரவைத்துப் பாருங்கள். முதல் நாள் படுதோல்விதான் கிடைக்கும். ஆறு மாதம் இதைச் செய்தவர், நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் தடுமாற மாட்டார். ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர இணையவழிச் சான்றிதழ் படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழையாதீர்கள்.

'ஆங்கிலம் கற்பிக்கத்தானே போகிறேன், ஜப்பானிய மொழி எதற்கு' என்ற கேள்வியும் வரும். வகுப்புக்கு அது கட்டாயம் இல்லை. ஆசிரியர் அறைக்கும் மளிகைக் கடைக்கும் நகர அலுவலகத்துக்கும் வேண்டும். ஏ.எல்.டி.களில் பலரும் சிறு ஊர்களுக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். தமிழருக்கு இதில் ஒரு சலுகையும் இருக்கிறது. 'கக்கோ நி இகிமாஸ்': கக்கோ என்றால் பள்ளி, நி என்றால் 'க்கு', இகிமாஸ் என்றால் போகிறேன். ஆங்கிலம் பேசுபவர் தலைகீழாக நின்று கற்கும் சொல்வரிசை நமக்கு வீட்டுச் சமையல். எழுத்துதான் மலை. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலேயே நடக்கிறது. மூன்று ஆண்டுகளில் அதன் கீழிருந்து இரண்டாம் படியான என்4 நிலையைத் தொடுவது பெரிய காரியம் அல்ல.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜெட் திட்டத்தில் முதல் ஆண்டு ஊதியம் 2025இலிருந்து சுமார் 40 லட்சம் யென். தனியார் நிறுவனங்களில் மாதம் 2 முதல் 2.5 லட்சம் யென் என்ற அறிவிப்புகளே அதிகம். பள்ளி விடுமுறை மாதங்களில் ஊதியத்தைக் குறைக்கும் நிறுவனங்களும் இருப்பதால் ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் மாதத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீடு எடுக்க முன்பணத்தோடு, திரும்பி வராத 'ரெய்கின்' என்ற நன்றித்தொகையையும் சில வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். பெரிய நிறுவனம் என்ற நம்பிக்கையும் காப்பாற்றாது. எய்கைவா துறையில் மிகப் பெரியதாக இருந்த நோவா 2007இல் நொடித்தபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளமின்றி நின்றார்கள். 'மொழி மாணவராகப் போங்கள், அங்கே போய் ஆசிரியர் வேலை பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் முகவரிடம், மாணவர் விசாவில் அனுமதி பெற்றாலும் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதைச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

ஓட்டுநர் உரிமத்தைக் கிளம்பும் அவசரத்தில் எடுக்காதீர்கள். அதை ஜப்பானிய உரிமமாக மாற்ற வேண்டுமானால், உரிமம் பெற்ற பிறகு இந்தியாவில் குறைந்தது மூன்று மாதம் இருந்திருக்க வேண்டும். பஸ் அரிதாக வரும் ஊரில் போட்டால் கார்தான் கால். சளி, இருமல் மருந்துகளையும் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் போடாதீர்கள். கோடீன், சூடோஎபிட்ரின் கலந்தவற்றுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. சைவம் என்றால், பள்ளியில் பிள்ளைகளோடு சாப்பிடும் மதிய உணவின் சூப்பில்கூட மீன் சாறு இருக்கும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு போகப் பழகுங்கள்.

இன்னொன்று. முதல் வாரம் முழுக்க, வகுப்புக்கு வகுப்பு, உங்கள் சுய அறிமுகம்தான் பாடம். ஒரே கதையை இருபது முறை சொல்ல வேண்டியிருக்கும். அங்கே போன பிறகு தாஜ்மகால் படத்தை இணையத்தில் தேடி எடுப்பவர்கள் உண்டு. அதைப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே உங்கள் வாசல் கோலம், கூட்டம் தொங்கும் உங்கள் ஊர் பஸ், உங்கள் பழைய பள்ளியின் மணி, பாட்டி இட்லித் தட்டைக் கவிழ்க்கும் கை ஆகியவற்றைப் படம் எடுத்து, கடைசி வரிசைக்கும் தெரியும்படி ஏ3 தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.