போகஸ் சிக்கவில்லையா? வியூஃபைண்டரைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள்

கல்யாண வீடியோ எடுக்கும்போது பட்டுப்புடவையும் சீரியல் லைட்டும் கண்ணை இழுத்துவிடும். இமைமுடி கூர்மையாக விழுந்ததா என்று தெரியாது. நம் கண் கூர்மையைப் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டில்தான், நிறத்தில் அல்ல. அந்தக்கால டிவி கேமராக்களின் வியூஃபைண்டர், அதாவது எடுக்கும்போது கண் வைத்துப் பார்க்கும் சிறு திரை, கறுப்பு வெள்ளைதான். அதில்தான் நேரலையே ஓட்டினார்கள்.

மெனுவில் வியூஃபைண்டர் அல்லது எல்சிடி அமைப்பைத் திறந்து நிறத்தை அணைத்துவிடுங்கள். பீக்கிங்கை, அதாவது போகஸில் உள்ள விளிம்புகளில் நிறக் கோடு காட்டும் வசதியை, சிவப்பாக வையுங்கள். சாம்பல் படத்தின்மேல் அந்தக் கோடுகள் தனியாகத் தெறிக்கும். சந்தேகமிருந்தால் கண்ணருகே பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: பல மிரர்லெஸ் கேமராக்களில் இந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாகப் பிக்சர் ஸ்டைலை (படத்தின் நிறத் தோற்றத்தை முடிவு செய்யும் அமைப்பை) மோனோக்ரோமாக மாற்றினால் பதிவாகும் வீடியோவும் கறுப்பு வெள்ளையாகிவிடும். ஒரு தாலிகட்டையே நான் அப்படி எடுத்திருக்கிறேன்.