மழைக்காலத்தில் குடும்பத்தோடு காரில் பழவேற்காடு: வடசென்னையிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் கடல் பார்க்கக் கிளம்பினால் ஊரே ஈசிஆர் பக்கம் ஓடும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆட்களுக்கு அது வீண் அலைச்சல். நகரத்தைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். வடக்கே திரும்பினால் திருவொற்றியூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, அதை ஒட்டிக் கடல், டச்சுக்காரர் கல்லறை, நண்டு, இறால் எல்லாம் ஒரே ஊரில்.

போகிற வழியில் கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் இருக்கின்றன. நம் வீட்டு மாடியில் வெயில் அடிக்கும்போதும் இந்த இரண்டில் தண்ணீர் வரும். பயணம் கெட்டால் பெரும்பாலும் அதனால்தான் கெடும். ஆகவே காரைத் தொடுவதற்கு முன் செய்தியைப் பாருங்கள். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக் பேலன்ஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

படி 1: முதல் நாள் இரவு

நுங்கம்பாக்கம் மண்டல வானிலை மையத்தின் அறிவிப்பில் சென்னை, திருவள்ளூர் இரண்டு மாவட்டங்களையும் பாருங்கள். சென்னையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது வழக்கமான தவறு, ஏனென்றால் பழவேற்காடு இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். மஞ்சள் என்றால் 7 முதல் 11 செ.மீ. வரை மழை வரலாம். பாட்டி, கைக்குழந்தை இல்லாவிட்டால் போகலாம். ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை, ஒத்திப்போடுங்கள். சிவப்பு என்றால் பேச்சே வேண்டாம்.

அடுத்து ஏரிச் செய்தி. 'பூண்டியிலிருந்து உபரிநீர் திறப்பு' என்று வந்தால் அந்தத் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வரும். புழல் ஏரியின் உபரிநீரும் சடையங்குப்பம் பக்கம் இதோடு சேர்கிறது. மணலி புதுநகர், நாப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறுவது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்மட்டம் கூடுதலாக ஏறும், முகத்துவாரத்தில் ஆறு சீக்கிரம் வடியாது. உபரிநீர் திறப்பும் பௌர்ணமியும் ஒரே வாரத்தில் வந்தால் மணலி வழியை மறந்துவிடுங்கள்.

பிச்சாட்டூர் அணை ஆந்திராவில் இருப்பதால் நம் ஆட்கள் அதைக் கவனிப்பதில்லை. அங்கே திறந்தால் ஆரணி ஆறு பெருகும், பொன்னேரியை ஒட்டி வந்து பழவேற்காடு ஏரியில் விழும். இதற்கு மாற்றுவழி கிடையாது. கீழே சொல்லும் இரண்டு வழியில் எதில் போனாலும் கடைசியில் பொன்னேரியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பிச்சாட்டூர் திறந்திருந்தால் அந்த வாரம் வீட்டிலேயே வெங்காய பஜ்ஜி.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 1-ஆம் எண் என்றால் தொலைதூரக் கடலில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது, கப்பல்களுக்கான முன்னறிவிப்பு. 3 ஏறிவிட்டால் காற்று துறைமுகத்துக்கே வரும் என்று பொருள். 1-க்கே நான் போகாதீர்கள் என்பேன், ஏனென்றால் கடற்கரையில் நின்று பார்க்க எதுவும் இருக்காது.

படி 2: கிளம்பும் நேரமும் வழியும்

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் டிராஃபிக் இருக்காது என்பது கோடைக்குச் சரி. வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் அதிகம் கொட்டும். ஆறு மணிக்கு எழுந்து சென்னை ரேடார் படத்தைத் திறந்து, கடைசி ஒரு மணி நேர ஓட்டத்தைப் பாருங்கள். மேகத் திட்டுகள் கிழக்கிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும். கடல் மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக நின்றால் காத்திருங்கள், காலியாக இருந்தால் ஆறரைக்குக் கிளம்புங்கள்.

சாதாரண நாளில் டிபிபி ரோடு, அதாவது மணலி, மணலி புதுநகர், நாப்பாளையம், மீஞ்சூர், பொன்னேரி. தூரம் குறைவு, ஆனால் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும், ஓரத்துப் பள்ளங்கள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். முந்தின நாள் நல்ல மழை என்றால் மாதவரம், செங்குன்றம், காரனோடை வழியாக ஜிஎன்டி ரோட்டில் போய், தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பிப் பொன்னேரிக்கு வாருங்கள். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஆகும், நல்லூரில் டோல் உண்டு. கொசஸ்தலையை இங்கேயும் தாண்டுவீர்கள், ஆனால் காரனோடையில் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் மேலே. மழைக்காலத்தில் என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

மேப் சில நேரம் காட்டுப்பள்ளி வழியாகக் கடலோரமாகவே கொண்டுபோகப் பார்க்கும். வேண்டாம். மழையில் அந்தப் பக்கம் வண்டி சிக்கினால் மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார், டீயும் கிடைக்காது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து வருகிறவர்கள் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பி நேரம் போடாதீர்கள், மழை பெய்தால் முதலில் மூடுவது அதைத்தான்.

படி 3: டயர், வைப்பர்

டயர் பட்டன் ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும். மழைக்கு அது போதாது, 3 மி.மீட்டருக்குக் கீழே போனாலே தண்ணீரை வெளியே தள்ளும் திறன் குறைந்துவிடும். காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, டிரைவர் கதவு ஓர ஸ்டிக்கரில் முழு லோடுக்கு என்று போட்டிருக்கும் அளவுக்கு அடியுங்கள். 'மழைக்குக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பிடிப்பு வரும்' என்று பங்க்கில் சொல்வார்கள். தவறு. காற்று குறைந்த டயர்தான் தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும்.

வைப்பர் பிளேடைப் பழையதின் மேல் டேப் வைத்து அளந்து வாங்குங்கள். பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கமும் எதிர்ப்பக்கமும் ஒரே நீளம் இருக்காது. பிளேடு புதிதாக இருந்தும் கோடு விழுகிறதா? குறை கண்ணாடியில். மணலி, எண்ணூர் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளில் புகையும் தூசும் சேர்ந்து ஒரு எண்ணெய்ப் படலம் படியும். பாத்திரம் கழுவும் லிக்விட் நான்கு சொட்டு, அரை வாளி தண்ணீர், ஸ்பான்ஜ். இரண்டு முறை தேய்த்து அலசி, பழைய தினசரித் தாளால் துடையுங்கள். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் தகடாக வழிந்தால் சுத்தம். வாஷர் டேங்கில் ஷாம்பூ பாக்கெட்டைப் பிழிகிற பழக்கத்தை விடுங்கள், நுரை காய்ந்து நாசிலை அடைக்கும். தண்ணீரை ஒட்டவிடாத ஸ்பிரே எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

படி 4: கண்ணாடியில் ஆவி

புது டிரைவர்கள் திணறுவது இங்கேதான். கண்ணாடி வெள்ளையாகிறது. ஒருவர் ஏசியைப் போடு என்கிறார், இன்னொருவர் அணை என்கிறார், பின் சீட்டிலிருந்து துண்டு வருகிறது. இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் ஆவி இரண்டு வகை.

வைப்பரை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆவி போகவில்லை என்றால் அது உள்பக்கம். ஐந்து பேர் மூச்சு, நனைந்த துணி, ஈர மிதியடி எல்லாம் சேர்ந்து கண்ணாடியில் படிகிறது. ஏசியை ஆன் செய்யுங்கள், அதுதான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வெப்பநிலைக் குமிழை நடுவுக்கோ கொஞ்சம் சூட்டுப் பக்கமோ திருப்புங்கள். காற்றை முன்கண்ணாடி குறிக்கு மாற்றி ஃபேனை 3-இல் வையுங்கள். கடைசியாக, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணையுங்கள். மணலியில் வாடைக்காக அந்தப் பட்டனை எல்லோரும் அமுக்குவார்கள், அமுக்கியதை மறந்துவிடுவார்கள். மீஞ்சூர் வருவதற்குள் கண்ணாடி பால் ஊற்றினாற்போல் ஆவது அதனால்தான்.

வைப்பர் போட்டதும் ஆவி போய், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் அது வெளிப்பக்கம். உள்ளே ஏசி 18-இல் ஓடி, காற்று நேராகக் கண்ணாடியில் அடித்தால் கண்ணாடி சில்லிட்டுப்போகும். வெளியே ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிய நாளில் கண்ணாடி வெளிக்காற்றைவிட இரண்டு டிகிரி குளிர்ந்தாலே பனி பிடித்துவிடும், ஐஸ் தண்ணீர் சொம்பின் வெளியே வியர்ப்பதைப் போல. இதற்கு நேர் எதிர் வைத்தியம்: காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பி, வெப்பநிலையை 25, 26-க்கு ஏற்றுங்கள். இங்கே ஃபேனைக் கண்ணாடிப் பக்கம் கூட்டினால் இன்னும் மோசமாகும்.

இரண்டு வகைக்கும் உள்ளங்கையால் துடைக்காதீர்கள். கையின் எண்ணெய்ப் பிசுக்கு இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தைத் தீப்பந்தமாக்கும்.

படி 5: எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஐந்து சீட் வண்டியில் ஏழு பேர் ஏறினால் வண்டி தாழும், தரைக்கும் வண்டிக்குமான இடைவெளி குறையும். அடுத்த படியில் இந்த இடைவெளிதான் உயிர். ஆகவே ஐந்து என்றால் ஐந்து.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு செட் துணி, குடைக்குப் பதில் ரெயின்கோட் (கடற்காற்றில் குடை ஐந்து நிமிடம் தாங்காது), நனைந்ததைப் போட்டுக் கட்ட பிளாஸ்டிக் பை, மிதியடிக்கு அடியில் விரிக்கப் பழைய பேப்பர், கொசுவுக்கு ஓடோமாஸ், பவர் பேங்க். ஐநூறு, நூறு, ஐம்பதாக இரண்டாயிரம் ரூபாய் கையில் வையுங்கள், டவர் போனால் ஜிபே வேலை செய்யாது. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னி வேண்டாம்.

டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் திருகு மாதிரி ஒரு கொக்கி இருக்கும், வண்டியை இழுக்க அதைத்தான் பம்பரில் திருக வேண்டும். எங்கே திருகுவது என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை திருகிப் பார்த்துவிடுங்கள். இழுக்க நான்கு மீட்டர் கயிறு போதும்.

படி 6: சாலையில் தண்ணீர் நின்றால்

முதலில் நிறுத்துங்கள். முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள், பைக் அல்லது கார். லாரியைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீர் சக்கரத்தின் நடு மூடிக்குக் கீழேயே இருக்க வேண்டும், உங்கள் வண்டியின் கதவடியைத் தொடக்கூடாது. சாதாரண ஹேட்ச்பேக்குக்கு 15 செ.மீ., அதாவது ஒரு சாண் கூட இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அளக்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் கார் நகர்ந்துவிடும்.

போகலாம் என்றால் முதல் கியர், ஏசி ஆஃப், நடை வேகம், ஆக்சிலரேட்டர் ஒரே அளவு. நடுவில் கியர் மாற்றுவது, கிளட்ச் மிதிப்பது கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் 1. எதிரே டிரெய்லர் வந்தால் அது தாண்டும்வரை வண்டியைத் தண்ணீரில் இறக்காதீர்கள், அது கிளப்பும் அலை உங்கள் பானெட்டுக்கே வரும்.

நடுவில் இன்ஜின் அணைந்துபோனால் சாவியைத் தொடாதீர்கள். காற்று உறிஞ்சும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். ஒரே ஒரு முறை சாவி போட்டதில் சில ஆயிரம் ரூபாய் வேலை லட்சத்துக்குப் போகும், இன்ஜின் புரொடெக்ட் சேர்க்காத பாலிசியில் அந்தப் பணம் கிடைப்பது கஷ்டம். எல்லோரையும் இறக்கி, வண்டியைத் தள்ளி மேட்டில் ஏற்றி, இழுத்துப்போக ஆள் கூப்பிடுங்கள்.

தாண்டிவிட்டீர்களா? பிரேக்கை லேசாக ஐந்தாறு முறை மிதித்து உலர்த்திய பிறகுதான் வேகம் எடுங்கள். மழையில் ஹஸார்டு லைட் (நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது) போட்டு ஓட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நீங்கள் திரும்பப்போவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. லோ பீம் போதும்.

படி 7: போய்ச் சேர்ந்த பிறகு

பொன்னேரியிலிருந்து மெதூர், திருப்பாலைவனம் வழியாக 18 கிலோமீட்டர். டாய்லெட் வேலையைப் பொன்னேரி பங்க்கிலேயே முடித்துவிடுங்கள். ஊருக்குள் முதலில் டச்சுக் கல்லறை: 17-ஆம் நூற்றாண்டுக் கற்கள், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை, வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள். பிள்ளைகள் அரை மணி நேரம் நகர மாட்டார்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இப்போது பார்க்க அதிகம் இல்லை. பாலம் தாண்டினால் கலங்கரை விளக்கமும் கடற்கரையும்.

கடலில் கால் நனைப்பதோடு சரி. முகத்துவாரம் பக்கம் போகவே கூடாது; மழைத் தண்ணீர் ஏரியிலிருந்து கடலுக்குப் பாயும் இடம், மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். மூன்றரைக்கு வண்டி நகர வேண்டும், இருட்டுவதற்கு முன் ஜிஎன்டி ரோட்டைப் பிடித்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

பூநாரை பார்க்கத்தானே போனோம், ஒன்றுகூட இல்லையே என்று பலர் கேட்டுவிட்டார்கள். பூநாரை நிற்பது முழங்காலளவு தண்ணீரில். பெருமழைக்குப் பிறகு ஏரி ஆழமாகிவிடும், பறவைகள் ஆழம் குறைந்த பக்கம் போய்விடும். பறவைதான் நோக்கம் என்றால் தை மாதம் போங்கள், 8x42 பைனாகுலர் எடுத்துக்கொண்டு.

அவசர எண்களை மொத்தமாகக் கேட்டவர்களுக்கு: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, கடலோரப் பாதுகாப்பு 1093, ஆம்புலன்ஸ் 108. முன் சீட்டில் இருப்பவர் போனிலும் ஏற்றிவையுங்கள்.

நண்டு வாங்கி வருகிறவர்கள் கவனிக்க: உயிர் நண்டை ஐஸ் உருகிய தண்ணீரில் மூழ்கவிட்டால் வீடு வருவதற்குள் செத்துவிடும். தெர்மாகோல் பெட்டியில் கீழே ஐஸ், மேலே தடித்த ஈரச் சாக்கு, அதற்கு மேல் காலைக் கட்டிய நண்டு, மூடியில் காற்றுக்கு இரண்டு ஓட்டை. பெட்டியை டிக்கியில் வையுங்கள். சீட்டுக்கடியில் வைத்துக் கவிழ்ந்தால் அந்த வாடை பொங்கல்வரை போகாது.