ஒதுங்கியே இருக்கும் மாணவரிடம் அக்கறையைக் காட்டுவது எப்படி?

வகுப்பில் யாரோடும் ஒட்டாத ஒரு மாணவரிடம், தொடர்ந்து 10 பள்ளி நாட்கள், தினமும் 2 நிமிடம் பேசுங்கள். படிப்பு, மதிப்பெண், ஒழுக்கம் பற்றி மூச்சே விடக்கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: மூன்றாம் நாளே "வீட்டுப்பாடம் எங்கே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்; பேச்சு விசாரணையாகிவிடும். முதலில் "ம்", "தெரியல" என்றுதான் பதில் வரும், விடாதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கிறுக்கிய படம் போதும், பேச்சைத் தொடங்க. சொன்னதை மறக்காமல் மறுநாள் கேளுங்கள்: "தம்பிக்குக் காய்ச்சல் விட்டுதா?" நாலு பேர் முன்னால் வேண்டாம்.

விடுப்பு முடிந்து வந்தால், காரணம் கேட்கும் முன் விட்டுப்போன பாடக் குறிப்பைக் கையில் கொடுங்கள்.

அடி, துன்புறுத்தல் என்று ஏதாவது சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். அதையும் மாணவரிடம் சொல்லிவிடுங்கள்.