பழைய மாருதி 800-ல் ஆக்ஸில் சத்தம்: செட்டையே மாற்றாமல் சரி செய்வது எப்படி

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது முன் சக்கரத்துப் பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் வருகிறதா? பட்டறையில் சொன்னால் பல இடங்களில் ஒரே பதில்தான் வரும்: “ஆக்ஸில் போச்சு சார், ரெண்டு பக்கமும் செட்டா மாத்திடுங்க.” எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ஆக்ஸில் என்பது ஒரே பொருள் இல்லை. நடுவில் ஒரு தண்டு, சக்கரத்துப் பக்கம் வெளி ஜாயிண்ட், கியர் பாக்ஸ் பக்கம் உள் ஜாயிண்ட், இரண்டுக்கும் மேலே கிரீஸைக் காக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை (பூட்), அவற்றை இறுக்கும் கிளாம்ப், கியர் பாக்ஸ் வாயில் ஒரு ஆயில் சீல். இதில் எது தேய்ந்ததோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

எங்கள் வீட்டில் ஓடுவது அப்பா வாங்கிய 2003 மாருதி 800. இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டாலும் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. இங்கே சொல்வது ஆல்ட்டோ, ஜென், வேகன்ஆர் போன்ற முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளுக்கும் ஏறக்குறைய பொருந்தும். ஆம்னிக்குப் பொருந்தாது, அதில் இழுப்பது பின் சக்கரம்.

முதலில் எது போயிருக்கிறது என்று பிடிக்க வேண்டும். ஒடித்துத் திருப்பும்போது மட்டும் டக் டக் என்றால் வெளி ஜாயிண்ட். இடது பக்கம் ஒடிக்கும்போது வந்தால் பெரும்பாலும் வலது சக்கரத்து ஜாயிண்ட், வலது பக்கம் ஒடித்தால் இடது. நேராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி நடுங்கி, காலை எடுத்ததும் நடுக்கம் அடங்கினால் உள் ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். வேகம் ஏற ஏற ‘ஊம்’ என்று முனகல் கூடினால் அது வீல் பேரிங்காக இருக்கும். அதற்கு ஆக்ஸிலை மாற்றுவது வீண் செலவு.

அப்புறம் சக்கரத்தை ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்து பூட்டைப் பாருங்கள். மடிப்புக்கு உள்ளே விரலை விட்டு ஒவ்வொரு பள்ளமாகத் தடவ வேண்டும். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். ரிம்மின் உட்புறத்தில் கரிய கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் இன்னும் வரவில்லையென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பூட், கிரீஸ், கிளாம்ப் மூன்றும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அப்படியே ஓட்டினால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய், கிரீஸோடு கலந்து, ஜாயிண்டுக்குள் இருக்கும் இரும்பு உருண்டைகளை அரைத்துத் தள்ளிவிடும். அதற்குப் பிறகு ஜாயிண்ட் செலவைத் தவிர்க்க முடியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும்போதெல்லாம் இந்த பூட்டைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

சாமான் வாங்கும் விஷயத்துக்கு வருவோம். வெளி ஜாயிண்ட் மட்டும் தனியாக, பூட், கிரீஸ், ஜாயிண்டைத் தண்டில் பிடித்து வைக்கும் சர்க்லிப் வளையத்தோடு கிட்டாகக் கிடைக்கும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுச் சாமான், புதுப்பேட்டையில் பழைய சாமான். எங்கே போனாலும் கழற்றிய பழைய ஜாயிண்டைக் கையோடு கொண்டுபோங்கள். 800-லேயே நான்கு கியர் வண்டியும் உண்டு, ஐந்து கியர் வண்டியும் உண்டு. அதனால் உள்ளே தண்டு மாட்டும் பல்லை எண்ணி, புதியதிலும் எண்ணிப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய ஆக்ஸில் வாங்குவது கேவலமே இல்லை. கம்பெனியிலிருந்தே வண்டியோடு வந்த ஜாயிண்ட் நல்ல நிலையில் கிடைத்தால், பெயர் தெரியாத புதுச் சாமானைவிட அதையே நான் எடுப்பேன். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். தண்டை ஒரு கையில் பிடித்து, மறு கையால் ஜாயிண்டை முன்னும் பின்னும் முறுக்குங்கள். ‘கடக்’ என்று ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள், எங்கேயும் சிக்கக் கூடாது. ஆயில் சீல் உட்காரும் இடம் வழவழப்பாக, துரு இல்லாமல் இருக்க வேண்டும். நுனி மரையில் ஒரு நட்டைப் போட்டுக் கையாலேயே திருகிப் பாருங்கள்.

லேத்தில் கொடுத்து பெரிய சைஸ் உருண்டை போட்டுத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உருண்டை ஓடும் பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. நேர் ஓட்டத்தில் உருண்டை நிற்கும் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். அங்கே பொருந்தும் உருண்டை, ஒடிக்கும்போது ஓரத்தில் இறுகிக்கொள்ளும்.

இனி வேலை. சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆக்ஸில் நட்டைத் தளர்த்த வேண்டும். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் (பிளந்த கம்பி) இருந்தால் முதலில் உருவுங்கள். நட்டின் ஓரத்தைத் தட்டி மடக்கியிருந்தால் அதை நிமிர்த்திவிட்டுத் திருப்புங்கள். அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். கியர் ஆயிலை வடித்துவிட்டு, சக்கரத்தைக் கீழே தாங்கும் கீழ் ஆர்மின் பால் ஜாயிண்ட் போல்ட்டைக் கழற்றி ஆர்மைக் கீழே அழுத்தினால், சக்கர மையத்தை வெளியே இழுக்க இடம் கிடைக்கும். ஆக்ஸில் நுனியைச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் மரை நசுங்கும். நட்டை நுனி மட்டத்துக்குத் திருகி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். கியர் பாக்ஸ் பக்கம் லீவர் கொடுத்து நெம்பினால் உள் ஜாயிண்ட் வெளியே வரும்.

ஜாயிண்டை டீசலில் கழுவி, நன்றாகக் காயவைத்து, மடக்கி மடக்கி ஒவ்வொரு பள்ளத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று ஒரு தடம் தெரிவது சாதாரணம். நகத்தை வைத்து இழுத்தால் நகம் தட்டுகிறதா, சின்னக் குழி விழுந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. நகம் தட்டினாலோ குழி இருந்தாலோ ஜாயிண்டை மாற்றுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் புது பூட் மட்டும் போதும். சில வண்டிகளில் வெளி ஜாயிண்டைத் தட்டினால் தண்டிலிருந்து கழன்று வரும். சிலதில் வராது, உள் ஜாயிண்டைக் கழற்றி அந்த வழியாகத்தான் பூட்டை ஏற்ற வேண்டும்.

மாட்டும்போது மாலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு) கலந்த கரிய கிரீஸைத்தான் அடைக்க வேண்டும். கிட்டில் வரும் பாக்கெட் முழுவதும் போகட்டும். சாதாரண கிரீஸ் இந்த வேலைக்கு ஆகாது. பழைய சர்க்லிப்பைத் திரும்பப் போடாதீர்கள். கிளாம்ப் இறுக்கும் முன் பூட்டின் வாயை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள், இல்லாவிட்டால் பூட் உப்பியோ ஒட்டியோ நின்று மடிப்பில் சீக்கிரம் வெடிக்கும். கட்டுக்கம்பி போட்டுக் கட்டுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். கம்பி ரப்பரை அறுத்துவிடும். ஸ்டீல் கிளாம்ப்தான் சரி.

ஆக்ஸில் வெளியே இருக்கும்போதே கியர் பாக்ஸ் ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். விலை குறைவு, பிறகு அது ஒழுகினால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். புது சீலின் உதட்டில் கியர் ஆயில் தடவி, பல் அதைக் கிழிக்காதபடி நேராக நுழையுங்கள். உள்ளே ‘கிளிக்’ என்று உட்கார்ந்ததும் லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

ஆக்ஸில் நட்டு முழுசாக இறுகாமல் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் ஏற்றி நகர்த்தினால் வீல் பேரிங் கெடும். கையால் இறுக்கிவிட்டு, சக்கரத்தைத் தரையில் வைத்து, நகர்த்துவதற்கு முன்பே மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இறுக்கி, புது ஸ்ப்ளிட் பின் போட்டுவிடுங்கள். கியர் ஆயிலை, கியர் பாக்ஸில் அளவு பார்க்க உள்ள லெவல் போல்ட் ஓட்டையில் வழியும்வரை ஊற்றி மூடுங்கள். காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் போட்டுப் பார்த்து, ஒரு வாரம் ஓட்டிய பிறகு கிளாம்பையும் சீலையும் டார்ச் அடித்து மறுபடி பாருங்கள்.